வாசகர் கேள்வி – பதில்: ஐப்பசிக்கு முன்னால் வீட்டைத் தயார் செய்வது

கேள்வி: தரைத்தளத்தில் சொந்த வீடு. மாமியாரால் நடக்க முடியாது, இன்சுலின் போடுகிறோம். மழைக்காலம் வந்தாலே எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. என் கணவரோ, "செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தால் டிவியில் சொல்வார்கள், அப்போது கிளம்பலாம்" என்கிறார். அது சரியா? வீட்டில் என்னென்ன செய்து வைக்க வேண்டும்?
– ஒரு வாசகி, முடிச்சூர்

பதில்: சகோதரி, உங்கள் வீட்டுக்காரரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் வந்து சேருவது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் ஆற்றின் போக்கில் அதற்கு மேலே இருக்கின்றன. உங்கள் தெருவுக்கு வருவது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர். செம்பரம்பாக்கத்தில் ஒரு ஷட்டரைக்கூடத் திறக்காத நாளிலும் உங்கள் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கலாம். அதனால் டிவியை நம்பி உட்கார வேண்டாம். உங்கள் பக்கத்து ஏரிகளில் கலங்கல் (நிரம்பிய ஏரியின் உபரி நீர் வெளியேறும் இடம்) வழிகிறதா, அடையாறு கரை தொட ஓடுகிறதா என்று தினமும் யாரையாவது விசாரித்துக்கொண்டே இருங்கள்.

ஏரிகள் ஏற்கெனவே நிரம்பியிருந்து, வானிலை மையம் ரெட் அலர்ட் கொடுத்தால், அன்று பகல் வெளிச்சத்திலேயே மாமியாரை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யலாம் என்பதுதான் ரெட் அலர்ட். 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அரை கிரவுண்டு (1,200 சதுர அடி) மனையில் விழுந்தது மட்டும் சுமார் 54,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரி நாலரை லாரி! மேலே இருந்து வழிந்து வந்தது இந்தக் கணக்கில் இல்லை. மழை ஏமாற்றிவிட்டால் ஒரு நாள் அலைச்சல், அவ்வளவுதான். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் இல்லாமல், செல்போன் டவர் இல்லாமல், நடக்க முடியாத ஒருவரை இடுப்பளவு தண்ணீரில் தூக்கிச் செல்வதை நினைத்துப் பாருங்கள்.

தூக்குவதற்குக் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி போதும். உட்காரவைத்து, இடுப்போடு சேர்த்து ஒரு பழைய வேட்டியால் கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகத் தூக்க வேண்டும். இப்போதே ஒருமுறை தூக்கிப் பாருங்கள். பல வீடுகளில் நாற்காலி வாசற்படியைத் தாண்டும், கேட்டில் போய்ச் சிக்கும். யார் வீட்டு மாடிக்குப் போவது என்பதையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். இன்சுலினை ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைக்கலாம். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைக்கக் கூடாது, உறைந்தால் வீணாகிவிடும். சிரிஞ்சு, மருந்துச் சீட்டு, ஆதார், வீட்டுப் பத்திரம் எல்லாம் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் ஒரே இடத்தில் இருக்கட்டும். 1913 சென்னை மாநகராட்சியின் எண். நீங்கள் செங்கல்பட்டு மாவட்டம், அதனால் 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறையையும் 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறையையும் எழுதி வையுங்கள்.

அடுத்தது கரண்ட். மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். தண்ணீர் தெருவுக்கு வந்ததும் மெயினை இறக்கிவிட்டு, இனி பயமில்லை என்று இருக்கிறார்கள். ஆனால் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும். ஈபி கரண்ட் நின்றதும் அதுவே வீட்டு ஒயரில் 230 வோல்ட்டை அனுப்ப ஆரம்பித்துவிடும். தரையில் இருந்து ஒரு அடி உயரத்தில் உள்ள பிளக் பாயிண்ட் நனைந்தால், மெயின் இறங்கியிருந்தாலும் ஷாக் அடிக்கும். ஆகவே மெயினை இறக்கிய கையோடு இன்வெர்ட்டரையும் அணையுங்கள். பேட்டரி வைத்த இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் மாடிப்படிக்குக் கீழே தரையில்தான் இருக்கும். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கனம் அது. புரட்டாசியிலேயே மூன்றடி உயரத்துக்குச் செங்கல் கட்டி, கடப்பாக்கல் போட்டு ஏற்றிவிடுங்கள். தண்ணீருக்குள் நின்றுகொண்டு எந்த ஸ்விட்ச்சையும் தொடக் கூடாது. தண்ணீர் வடிந்த பிறகும் ஒயர்மேன் வந்து மெக்கர் (ஒயரில் கரண்ட் கசிகிறதா என்று சோதிக்கும் கருவி) வைத்துப் பார்க்காமல் மெயினை ஏற்ற வேண்டாம். ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாகவே லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாத வீடு என்றால் இந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் வாங்குங்கள், உயிர் காக்கிற பொருள் அது.

கிளம்பும்போது சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு கட்டுங்கள், இல்லாவிட்டால் மிதக்கும். கழிவறைக் கோப்பைக்குள் மணல் நிரப்பிய சிமென்ட் சாக்கு ஒன்றைத் திணியுங்கள். வாசலில் தண்ணீர் ஏறுவதற்கு முன்பே சாக்கடை அந்த வழியாகத்தான் உள்ளே வரும்.

கேள்வி: வெள்ளம் வடிந்தபின் சம்ப் தண்ணீரை அப்படியே பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகர், பள்ளிக்கரணை

பதில்: கூடவே கூடாது. மூடி மேல் தண்ணீர் ஏறியிருந்தால் சம்ப்பில் இருப்பது சாக்கடைதான். முழுக்க இறைத்து, சேற்றை அள்ளி, பிளீச்சிங் பவுடர் கரைசலால் சுவரைத் தேய்த்துக் கழுவி, அதையும் இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள். குடிப்பதற்குக் காய்ச்சித்தான் எடுக்க வேண்டும். சேற்றை அள்ளுகிறவர்கள் பூட்ஸும் கையுறையும் போட வேண்டும். எலிக்காய்ச்சல் காலில் உள்ள சின்ன வெட்டு வழியாகவே ஏறிவிடும். கூலிக்கு ஆள் வைத்தால் அவருக்கும் நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்தால் வெள்ளத்துக்குக் கிடைக்குமா?
– ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்: கிடைக்கும். 2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசி இருக்கிறது. புயல், வெள்ளம் இரண்டும் அதில் அடக்கம். கட்டடத்துக்கு எடுத்தாலே, அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம், வீட்டுச் சாமான்களுக்கும் சேர்ந்து வரும். மழைக்காலம் தொடங்கும் முன்பே எடுத்துவிடுங்கள். வண்டி தண்ணீரில் நின்றிருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். அப்புறம், சுத்தம் செய்ய ஆரம்பிப்பதற்கு முன்பு, சுவரில் தண்ணீர்க்கோடு தெரியும்படி ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்து, அன்றே கம்பெனிக்குத் தகவல் கொடுத்துவிடுங்கள்.