கடை ரேக்கில் அரை அடி இடம்

சிறுதொழில் கேள்வி பதில். திண்டுக்கல்லில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இட்லிப் பொடி, பருப்புப் பொடி, தொக்கு தயாரித்துக் கடைகளுக்குக் கொடுத்துவரும் பெண்மணி பதில் சொல்கிறார்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாக வீட்டிலேயே இட்லிப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, பூண்டுப் பொடி செய்து அக்கம்பக்கத்திலும் வாட்ஸ்அப்பிலும் விற்கிறேன். 100 கிராம் 50 ரூபாய். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு) பதிவு வைத்திருக்கிறேன். கடைகளில் போடலாம் என்று எட்டுக் கடை ஏறி இறங்கினேன். ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள். இரண்டு பேர் "வச்சிட்டுப் போங்க, வித்தா பார்ப்போம்" என்றார்கள். ஒருவர் மட்டும் 40 ரூபாய் என்றால் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். இவ்வளவு குறைத்துக் கேட்கிறாரே, என்ன செய்வது?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: சகோதரி, அந்த எட்டுப் பேரில் 40 ரூபாய் சொன்னவரை விட்டுவிடாதீர்கள். ஒருவர் விலை பேசுகிறார் என்றால் தன் காசைப் போடத் தயாராக இருக்கிறார். காசு போட்ட சரக்கை அவர் கண்ணில் படுகிற இடத்தில் வைப்பார். வருகிறவர்களிடம் "புதுசா வந்திருக்கு, வாங்கிப் பாருங்க" என்றும் சொல்வார். "வச்சிட்டுப் போங்க" என்ற இருவருக்கும் உங்கள் பொடி விற்றாலும் ஒன்றுதான், விற்காவிட்டாலும் ஒன்றுதான்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2003-இல் முதன்முதலாக ஒரு மளிகைக் கடையில் இருபது பாக்கெட் கறிவேப்பிலைப் பொடியை அப்படித்தான் வைத்துவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், கடைக்கு வெளியே ஷாம்பு சரங்களோடு சேர்த்து, மேற்கு வெயில் நேராக விழும் கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். பச்சையாக இருந்த பொடி மண் நிறத்துக்கு மாறியிருந்தது. நான்கு பாக்கெட்டில் எறும்பு. அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. ஒரு பாக்கெட்டை எடுத்துக் காதோரம் வைத்து இரண்டு விரலால் மெல்ல அழுத்தினார். "கேளும்மா" என்று என்னிடம் நீட்டினார். 'ஸ்ஸ்' என்று காற்று போகிற சத்தம். சீல் விட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து எல்லாப் பாக்கெட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. கரண்டியால் பொடியைப் போடும்போது கவரின் வாயில் உள்பக்கமாக மெல்லிய தூள் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் சீல் மெஷினை அழுத்தினால் பிளாஸ்டிக் ஒன்றோடொன்று ஒட்டாது, நடுவில் தூள் நிற்கும். பார்வைக்கு ஒட்டியது போலவே இருக்கும். அன்றிலிருந்து நீளக் குழாய் வைத்த புனலில்தான் போடுகிறோம், வாயை உலர்ந்த துணியால் உள்ளே ஒரு முறை துடைத்த பிறகுதான் சீல். ஒரு விரற்கடை இடைவெளி விட்டு இரண்டாவது சீல். கடைக்குப் போகும் ஒவ்வொரு பாக்கெட்டையும் இன்றும் அழுத்திப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் பாக்கெட் அன்றைக்கே டப்பாவுக்குப் போய்விடும். கடைக்குப் போவது வெயில், தூசி, எறும்பு எல்லாவற்றையும் தாங்கி இரண்டு மாதம் நிற்க வேண்டும். அந்த வித்தியாசத்துக்கு உங்கள் பாக்கெட் தயாரா என்று முதலில் பாருங்கள்.

இப்போது அந்த 40 ரூபாய். அவர் கேட்டது எம்.ஆர்.பி.யில் 20 சதவீதம். நம் ஊர் மளிகைக் கடையில் புதுச் சரக்குக்கு இது நியாயமான கேள்விதான். பெரிய கம்பெனிச் சரக்கில் அவருக்கு இதைவிடக் குறைவாகத்தான் நிற்கும், ஆனால் அது ஒரே நாளில் விற்றுவிடும். உங்களுடையது ரேக்கில் அரை அடி இடத்தை எத்தனை நாள் பிடித்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியாது. அந்த இடத்துக்குத்தான் கூடுதலாகக் கேட்கிறார்.

தப்பு உங்கள் 50 ரூபாயில் இருக்கிறது. என் கணக்கைச் சொல்கிறேன், உங்களுடையதோடு ஒத்துப் பாருங்கள். 100 கிராம் இட்லிப் பொடிக்குப் பருப்பு, எள், மிளகாய், பெருங்காயம் எல்லாம் சேர்த்து 17 ரூபாய். கேஸும் மில் கூலியும் 3. கவர், லேபிள் 4. ஆள் கூலி 7. நீங்களே செய்தாலும் உங்கள் கூலியை எழுதுங்கள், நம்மில் பலர் இதைத்தான் விட்டுவிடுகிறோம். ஆக 31. கடைக்குப் போய்வர பெட்ரோல், சாம்பிள், திரும்பி வரும் பாக்கெட் இவற்றுக்கு 5. மொத்தம் 36. இதை 40-க்குக் கொடுத்தால் நிற்பது 4 ரூபாய். ஒரு மாதம் மிளகாய் விலை ஏறினால் அதுவும் இல்லை. எம்.ஆர்.பி.யை 60 என்று வைத்தால் கடைக்கு 12 போக உங்களுக்கு 48 வரும். 12 ரூபாய் நிற்கும். எல்லாருக்கும் தொழில் ஓடும்.

அப்படியென்றால் இத்தனை நாள் 50-க்கு வாங்கியவர்கள்? அவர்களுக்கு மட்டும் பழைய விலையில் அதே பாக்கெட்டைக் கொடுக்காதீர்கள். "கடையில் 60, அந்த அம்மா வீட்டில் 50" என்ற பேச்சு ஒரே வாரத்தில் கடைக்காரர் காதுக்குப் போகும், அதோடு உங்கள் சரக்கு இறங்கிவிடும். நான் செய்தது, வீட்டுக்கு வருகிறவர்களுக்கென்று 250 கிராம் பாக்கெட் போட்டேன். உங்கள் விலைக்கு 150 ஆக வேண்டியதை 140-க்குக் கொடுங்கள். அந்த அளவு கடைக்குப் போகாது, யாரும் ஒப்பிட முடியாது.

"20 சதவீதம்" என்றால் எதில் என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எம்.ஆர்.பி.யில் என்றால் 60-க்கு 48. வாங்கும் விலையின் மேல் என்றால் 50. பாக்கெட்டுக்கு 2 ரூபாய் வித்தியாசம்.

வேண்டாம் என்ற ஐந்து கடைகளுக்கு எந்த நேரத்தில் போனீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. காலை பத்து மணிக்குள்ளோ சாயங்காலம் ஆறு மணிக்கு மேலோ போயிருந்தால் அந்த 'வேண்டாம்' கணக்கிலேயே வராது. மதியம் மூன்று மணிக்குப் போங்கள், கடைக்காரர் ரேக்கில் சரக்கு அடுக்கிக்கொண்டிருப்பார். மாதத்தில் முதல் வாரம் வேண்டாம், அது மளிகை லிஸ்ட் போடும் வாரம். 15-லிருந்து 25-க்குள் பேசி, 28-ஆம் தேதி சரக்கைக் கொண்டுபோய் வையுங்கள். வெள்ளிக்கிழமை பணம் கேட்டுப் போகாதீர்கள். நிறையக் கடைகளில் அன்று கல்லாவிலிருந்து காசு வெளியே போகாது, விளக்கு வைத்த பிறகு எந்த நாளிலும் போகாது.

போகும்போது மூன்று வகையையும் தூக்கிக்கொண்டு போகாமல், நன்றாக விற்கும் ஒன்றோ இரண்டோ போதும். வகைக்கு ஆறு பாக்கெட். தனியாக ஒரு பாக்கெட்டைக் கையில் கொடுத்து, "இது உங்க வீட்டுக்கு அண்ணாச்சி, அண்ணியைச் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். என் அனுபவத்தில் பாதி ஆர்டர் அண்ணி சொல்லித்தான் வந்தது.

அப்புறம் வாரம் ஒரு முறை தவறாமல் போக வேண்டும். எத்தனை விற்றது என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். தூசி துடையுங்கள். தேதி நெருங்கும் பாக்கெட்டை அவர் சொல்வதற்கு முன்பே நீங்களே எடுத்துக்கொண்டு புதியது வையுங்கள். பணத்துக்குப் பில்லுக்குப் பில் பேசுங்கள், அதாவது இரண்டாவது சரக்கு இறங்கும்போது முதல் பில்லின் பணம். மூன்றாவது பில் வரை பாக்கி போகவே கூடாது.

இன்னொன்று சொல்கிறேன், இது எனக்கு மிகவும் கைகொடுத்தது. மளிகைக் கடையை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் ஊரில் இட்லி மாவு அரைத்து விற்கும் கடைகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். சாயங்காலம் வேலை முடிந்து மாவு வாங்க வருகிறவருக்குச் சட்னி அரைக்க நேரமில்லை. மாவுக்குப் பக்கத்தில் இட்லிப் பொடி இருந்தால் கை தானாகப் போகும். மரச்செக்கு எண்ணெய்க் கடையும் அப்படித்தான், நல்லெண்ணெய் வாங்கியவர் பொடியைப் பார்ப்பார். என் முதல் நிரந்தரக் கடை ஒரு மாவுக் கடைதான். ஆறு பாக்கெட்டில் தொடங்கி இன்று வாரம் அறுபது போகிறது.

கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் கேட்டால் "பார்கோடு இருக்கா?" என்கிறார்கள். கட்டாயமா?
- வாசகர், கரூர்

பதில்: ஊருக்குள் இருக்கும் சூப்பர் மார்க்கெட் என்றால் முதலில் அவர்களிடமே கேளுங்கள். பல இடங்களில் பார்கோடு இல்லாத சரக்குக்கு அவர்களே தங்கள் பில்லிங் கம்ப்யூட்டரிலிருந்து ஸ்டிக்கர் அடித்து ஒட்டிக்கொள்வார்கள். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் கடைகளுக்குப் போக வேண்டும் என்றால், பார்கோடு எண் வழங்கும் ஜி.எஸ்.1 இந்தியா அமைப்பில் பதிவு செய்து வாங்குங்கள். 890 என்று தொடங்கும் 13 இலக்க எண் கிடைக்கும். இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கூவி விற்கும் எண்களை வாங்காதீர்கள், அது வேறு யார் பெயரிலாவது பதிவாகியிருந்தால் பெரிய கடைகளில் நிற்காது.

அதைவிட அவசரம், பாக்கெட்டின் பின்பக்கம். தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, எல்லா வரியும் சேர்ந்த எம்.ஆர்.பி., ஒரு கிராம் என்ன விலை என்பது, புகாருக்குத் தொலைபேசி எண், 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், சைவம் என்றால் பச்சைப் புள்ளி. இதில் ஒன்று விட்டுப்போனாலும் சோதனை வந்தால் கடைக்காரருக்கும் தலைவலி. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் முன்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிறார்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் பதினோரு பெண்கள் பனை ஓலைப் பெட்டி, கிலுகிலுப்பை, தாம்பூலக் கூடை முடைகிறோம். பரிசுப் பொருள் கடைகள் "விற்ற பிறகு காசு" என்றுதான் சொல்கின்றன. உங்கள் பழைய பதில் ஒன்றில் அப்படிக் கொடுக்காதீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். எங்களுக்கும் அதேதானா?
- வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: உங்களுக்கு அப்படி இல்லை அம்மா. பொடி கெட்டுப்போகும், ஓலைப் பெட்டி கெடாது. பரிசுக் கடையில் ஒரு பொருள் விற்க மூன்று மாதம் ஆகலாம், அவ்வளவு நாள் முதலைப் போட்டு வைக்கச் சொன்னால் யாரும் முன்வர மாட்டார்கள். கொடுங்கள், ஆனால் எழுதிக் கொடுங்கள். எத்தனை உருப்படி, ஒவ்வொன்றின் விலை, கடைக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் கணக்குப் பார்ப்பது, சாயம் போனாலோ பூச்சி அரித்தாலோ யார் பொறுப்பு. இரண்டு பிரதி, இரண்டிலும் இருவர் கையெழுத்து. அதற்கு மறுக்கிற கடை வேண்டாம்.

அரசு வழிகளையும் பாருங்கள். பூம்புகார் விற்பனை நிலையங்கள் கைவினைப் பொருளுக்கென்றே இருப்பவை. மகளிர் குழு என்பதால், குழுக்களின் பொருளை விற்கும் மதி அங்காடிக்கும் நீங்கள் தகுதியானவர்கள், மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்தில் கேளுங்கள். 2022-இல் தொடங்கிய 'ஒரு நிலையம் ஒரு பொருள்' திட்டத்தில் ரயில் நிலையங்களில் அந்தந்த ஊர்ப் பொருளுக்குக் கடை போட இடம் தருகிறார்கள். ராமேஸ்வரம் வருகிற கூட்டம் உங்கள் மாவட்டத்துக்குத்தான் வருகிறது. ஊருக்குத் திரும்புகிறவர்கள் கையில் எடுத்துப் போக எடையில்லாத, உடையாத பொருளைத்தான் தேடுவார்கள். உங்கள் சின்னப் பெட்டிக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை.

சாயம் பற்றி ஒன்று. கிலுகிலுப்பை குழந்தை வாயில் வைக்கிற பொருள். அதற்கு மட்டும் சாயமே போடாமல் வெறும் ஓலையில் முடையுங்கள், அதை அட்டையில் எழுதியும் வையுங்கள்.

கேள்வி: கடலை மிட்டாய் தயாரித்து ஒரு சூப்பர் மார்க்கெட்டின் நான்கு கிளைகளுக்குக் கொடுத்தேன். ஐந்து மாதமாக 86,000 ரூபாய் நிற்கிறது. கேட்டால் "அக்கவுண்ட்ஸில் சொல்லியிருக்கோம்" என்கிறார்கள். தொடர்ந்து சரக்கு கேட்கவும் செய்கிறார்கள். நிறுத்தினால் பழைய பணம் வராதோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: தம்பி, இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு மனசே சரியில்லை. இதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். அந்தப் பயத்தில்தான் நான் மேலும் இரண்டு லோடு கொடுத்தேன், பாக்கி இரட்டிப்பானது. சரக்கை இன்றே நிறுத்துங்கள். அவர்களுக்கு உங்கள் மிட்டாய் வேண்டும் என்பது ஒன்றுதான் இப்போது உங்கள் கையில் இருக்கும் பிடி.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006-இன்படி, குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு எடுத்தவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வருமான வரியிலும் ஒரு பிடி உண்டு. இந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கி மார்ச் 31-இலும் நிற்குமானால், அதை அந்த ஆண்டுச் செலவாக அவர்கள் காட்ட முடியாது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. அவர்களுடைய ஆடிட்டருக்கு இது நன்றாகத் தெரியும்.

இதற்கெல்லாம் குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உதயம் பதிவு வேண்டும், இலவசம்தான். சரக்கு கொடுப்பதற்கு முன்பே பதிவு இருந்தால் வழக்கு வலுவாக நிற்கும். உங்களிடம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இன்றே செய்து, இனி அடிக்கும் ஒவ்வொரு பில்லிலும் அந்த எண்ணை அச்சிடுங்கள்.

முதலில் சண்டை வேண்டாம். பில் எண், தேதி, தொகை, எத்தனை நாள் தாமதம் என்று ஒரே தாளில் வரிசையாக எழுதி, உதயம் எண்ணைப் போட்டு, முதலாளி பெயருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். கிளை மேலாளருக்கு அனுப்பினால் அது மேசையிலேயே கிடக்கும். எனக்கு அந்த ஒரு தாளுக்கே பன்னிரண்டாம் நாள் முக்கால் பணம் வந்தது. வராவிட்டால் இப்படி நிற்கும் பாக்கிக்கென்று இருக்கும் மத்திய அரசின் இணையதளத்தில் புகார் பதியலாம், மாவட்டத் தொழில் மையத்தில் வழி சொல்வார்கள். ஒவ்வொரு கிளையிலும் சரக்கு வாங்கியதற்குக் கையெழுத்தும் முத்திரையும் உள்ள சலான் இருக்கிறதா என்று இன்று ராத்திரியே எடுத்துப் பாருங்கள். ஏதாவது கிளையில் விட்டுப்போயிருந்தால், கடிதம் போவதற்கு முன் அங்கே நேரில் போய், கணக்குச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி வாங்கிவிடுங்கள்.