கரையில் நின்றவர்

கேள்வி: மறைபரப்பாளர்களை அனுப்பும் இறைவார்த்தை சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைத் தொடங்கிய அர்னால்டு யான்சன் சாமியாருக்குப் புனிதர் பட்டம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவர் எந்த மறைபரப்பு நாட்டிலும் கால் வைத்ததே இல்லையாம். கப்பலேறி வந்து நம் கடற்கரையெல்லாம் நடந்த சவேரியார் எங்கே, இவர் எங்கே? (குளச்சல் வாசகர் ஒருவர்)

பதில்: குளச்சலில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? கரைமடி வலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்களே! வள்ளம் கடலுக்குள் மடியை வளைத்துக்கொண்டு வரும்வரை கயிற்றின் ஒரு முனை கரையில் நிற்பவர் கையில்தான் இருக்கிறது. அவர் கைவிட்டால் மீனும் இல்லை, மடியும் இல்லை.

யான்சன் 1837-ல் ஜெர்மனியின் கோக் என்ற சிற்றூரில், பாரவண்டியும் ஓட்டிய ஒரு சிறு விவசாயிக்குப் பிறந்தவர். குருவான பின் 12 ஆண்டுகள் கணக்கு வாத்தியார். பிறகு, 1874 ஜனவரியில் ஒரு மாத இதழ் தொடங்கினார். பத்திரிகைக்காரனான எனக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்: சபைக்கு முன்பே இதழ் பிறந்துவிட்டது. மறைபரப்பாளர்களை உருவாக்க ஜெர்மனியில் ஓர் இல்லம்கூட இல்லையே என்று அதில் எழுதினார்; வேறு யாராவது தொடங்குவார்கள் என்று காத்திருந்தார். ஹாங்காங் மறைபரப்புத் தலைவர் ரைமோந்தி, நீங்களே தொடங்குங்கள் என்று சொன்ன பிறகுதான் துணிந்தார்.

ஜெர்மனியை ஆண்ட பிஸ்மார்க் அரசு துறவிகளை விரட்டிய காலம் அது. அதனால் எல்லை தாண்டி, நெதர்லாந்தின் ஸ்டெய்லில் ஆற்றங்கரையோரம் கிடந்த பழைய சத்திரம் ஒன்றை வாங்கினார். 1875 செப்டம்பர் 8, மாதா பிறந்தநாளில் இல்லம் திறந்தது. கூட இருந்தவர்கள் மூன்றே பேர். அதிலும் இருவர் சபை ஒழுங்கு ஒத்துவராமல் ஓராண்டுக்குள் பிரிந்தார்கள். கண்டிப்பான மனிதர்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் 1876-லேயே அங்கே அச்சகம் ஓடத் தொடங்கியது. 1879 மார்ச்சில் இருவர் சீனாவுக்குப் புறப்பட்டார்கள்.

அவர்களில் ஒருவரான யோசேப் ஃபிரைனடெமெட்ஸ் ஊர் திரும்பவே இல்லை. டைபஸ் காய்ச்சல் கண்டவர்களுக்குப் பணிவிடை செய்து, அதே காய்ச்சலில் 1908-ல் இறந்தார். மறு ஆண்டு ஜனவரியில் யான்சனும் போய்ச் சேர்ந்தார். 2003 அக்டோபர் 5 அன்று திருச்சபை இருவரையும் சேர்த்தே புனிதராக்கியது; போனவர் பெரியவர், அனுப்பியவர் சிறியவர் என்று பிரிக்கவில்லை.

நீங்கள் சொல்லும் சவேரியாரும் தானாக வந்துவிடவில்லை. அனுப்பிவைத்த இஞ்ஞாசியார், தாம் தொடங்கிய இயேசு சபையை நடத்திக்கொண்டு ரோமிலேயே இருந்தார். 1540 மார்ச்சில் சவேரியார் ரோமிலிருந்து கிளம்பியபின் இருவரும் சாகும்வரை நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை.