“யாரும் வர வேண்டாம்” என்று சொல்லும் தோழிக்கு – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் நால்வரும் பாலக்கோடு வட்டாரப் பள்ளிகளில் ஆசிரியைகளாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். 2021 மே மாதம் கொரோனாவின் இரண்டாம் அலையில் எங்களில் இருவருக்குத் தொற்று வந்தது. பிள்ளைகள் பெங்களூருவில் இருந்தார்கள். ஊரடங்கினால் அவர்களால் வர இயலவில்லை. எங்களில் மூத்தவள் தினமும் காலையிலும் மாலையிலும் போன் செய்து, ஆக்சிமீட்டரில் எண் எவ்வளவு என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். ஒருநாள் மாலை நான் பேசும்போது வாக்கியத்தை முடிக்க முடியாமல் நடுவில் மூச்சு வாங்குவதைக் கவனித்தவள், 108-ஐ அழைத்து என்னைத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தாள். இன்று அவளுக்குச் சர்க்கரை நோயால் காலில் புண் வந்து இரண்டு விரல்களை அகற்றிவிட்டார்கள். தேன்கனிக்கோட்டையில் மகன் வீட்டில் இருக்கிறாள். போனை எடுப்பதில்லை. எடுத்தாலும், “நான் நன்றாகத்தான் இருக்கிறேன், யாரும் வர வேண்டாம்” என்று வைத்துவிடுகிறாள். அவள் சொல்வதை மதித்து ஒதுங்கி இருப்பதா, மீறிப் போய்ப் பார்ப்பதா?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: ஒதுங்கிவிடாதீர்கள். ஆனால் மூவரும் ஒன்றாகச் சேர்ந்து, சொல்லாமல் கொள்ளாமல் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கவும் வேண்டாம்.

உங்கள் தோழி வாழ்நாள் முழுவதும் பிறரைக் கவனித்துக்கொண்டவர். அப்படிப்பட்டவருக்கு நோயைவிட, தன்னைப் பிறர் பரிதாபமாகப் பார்ப்பதே அதிக வலியைத் தரும். கட்டுப் போட்ட காலோடு, மருமகளின் உதவியால் எழுந்து நடக்கும் நிலையில் பழைய சகஆசிரியைகள் தன்னைப் பார்க்க வேண்டாம் என்று அவர் நினைப்பது இயல்பு. அவர் மறுப்பது அந்தப் பார்வையைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களையே வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2021-இல் அவர் செய்ததை நினைத்துப் பாருங்கள். “எப்படி இருக்கிறாய்?” என்று அவர் கேட்டிருந்தால் நீங்களும் “நன்றாக இருக்கிறேன்” என்றுதான் சொல்லியிருப்பீர்கள். அவர் எண்ணைக் கேட்டார், அதையும் குறிப்பிட்ட நேரத்தில் கேட்டார், எழுதி வைத்தார். அந்த நோயில் பலருக்கு மூச்சுத்திணறல் தெரியாமலேயே இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்துகொண்டு போனது. 94-க்குக் கீழே இறங்கினால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று சொல்லப்பட்டதும் அதனால்தான். மருதாணி வைத்த விரலில் கருவியை மாட்டினாலோ, கை சில்லிட்டிருந்தாலோ எண் தவறாகக் காட்டும் என்பதால், எண்ணோடு குரலையும் சேர்த்துக் கேட்டாரே, அந்தக் கவனம்தான் உங்களைக் காப்பாற்றியது. நட்பு மனத்துக்கு ஆறுதல் தருவதோடு நின்றுவிடுவதில்லை. 148 ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், வலுவான உறவும் நட்பும் உடையவர்கள் உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பு, அவை இல்லாதவர்களைவிட ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதலாக இருந்தது.

எனவே அதே முறையை அவரிடமே திருப்பிக் கொண்டு செல்லுங்கள். மூவரில் அவருக்கு மிக நெருக்கமானவர் ஒருவர், ஒரு நேரத்தைத் தேர்ந்துகொண்டு, தினமும் அதே நேரத்தில் அழைக்கட்டும். எடுக்காவிட்டால் வருத்தப்பட்டுச் செய்தி அனுப்ப வேண்டாம்; மறுநாள் அதே நேரத்தில் மறுபடி அழைத்தால் போதும். எடுத்தபோது திட்டமான கேள்விகளையே கேளுங்கள். இன்று கட்டு மாற்றினார்களா, புண்ணில் நீர் வடிகிறதா, காலையில் சர்க்கரை எவ்வளவு இருந்தது, மற்றொரு காலின் உள்ளங்காலை யாராவது பார்த்தார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சர்க்கரை நோயில் நரம்பு மரத்துப் போவதால் முள் குத்தினாலும் கல் உறுத்தினாலும் தெரியாது. தினமும் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பதும், செருப்பைப் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பதும், வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காமல் இருப்பதும், காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்காமல் இருப்பதும் எஞ்சிய விரல்களைக் காக்கும். புண்ணைச் சுற்றிச் சிவந்தாலோ, துர்நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

சில வாரங்கள் பேசிய பிறகு நேரில் போக அனுமதி கேளுங்கள். “வரட்டுமா?” என்று கேட்டால் வேண்டாம் என்பார். “வியாழக்கிழமை ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாக வருகிறேன், ஒரு மணி நேரம் இருந்துவிட்டு அடுத்த பேருந்தில் திரும்பிவிடுவேன்” என்று சொல்லுங்கள். எப்போது கிளம்புவார்கள் என்பது தெரிந்த விருந்தாளியை நோயாளிகள் பெரும்பாலும் மறுப்பதில்லை. போகும்போது கூடை நிறைய மாம்பழம் கொண்டுபோவது நம் மாவட்டங்களின் வழக்கம். இம்முறை அது வேண்டாம். அதைவிடவும், எங்கள் உறவினருக்கு இப்படித்தான் ஆரம்பித்து முழங்கால் வரை எடுத்தார்கள் என்ற கதையைக் கொண்டுபோகாதீர்கள். பச்சிலை அரைத்துப் புண்ணில் கட்டலாம் என்று யாராவது அந்த வீட்டில் சொன்னால், அதை உறுதியாகத் தடுங்கள்.

மருந்துக்காக அவர் அலைய வேண்டியதில்லை என்பதையும் அவர் மகனிடம் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதும், நடமாட இயலாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை அளிப்பதும் அதில் அடங்கும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரைப் பதிவு செய்தால் போதும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமாக நான் கருதுவது ஒன்று உண்டு. அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். உங்கள் வயதில் மூவருக்கும் இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருக்கத்தான் செய்யும். உங்கள் அளவுகளைப் பழையபடி அவரே கேட்டு எழுதி வைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். அவரைச் சமாதானப்படுத்துவதற்காக இதைச் செய்யாமல், உண்மையாகவே உங்கள் எண்களைச் சொல்லுங்கள். அவர் திட்டினால் அதன்படி மருத்துவரிடம் போங்கள். வாங்கிக்கொண்டே இருக்க வேண்டிய நிலை அவரைப் போன்றவரை ஒடுக்கிவிடும். கொடுக்கவும் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தால் போனை அவரே எடுப்பார்.

அவர் தூக்கமின்றி, உணவில் நாட்டமின்றி, “இனி இருந்து என்ன பயன்” என்பதுபோலப் பேசினால், பேச்சை மாற்றாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்டவரிடம்தான் மனம் திறப்பார்கள். அப்படி ஒரு பதில் வந்தால் உடனே மகனுக்குத் தெரிவித்து, அவரைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

கேள்வி: ஓசூரில் தொழிற்சாலையில் வேலை செய்யும் நாங்கள் ஐந்து பேர் ஒரே அறையில் தங்கியிருக்கிறோம். ஒருவனுக்கு 2021-இல் கொரோனா வந்து குணமானது. அதன் பிறகு ஒரு ஷிப்ட் முடிந்தால் மறுநாள் முழுவதும் படுத்துவிடுகிறான். மற்றவர்கள் சோம்பேறி என்கிறார்கள். அவனுக்காக நான் என்ன சொல்வது?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: சோம்பல் என்று நீங்கள் யாரும் முடிவு கட்ட வேண்டாம். கொரோனா வந்து மூன்று மாதங்களுக்குப் பிறகும் நீடிக்கும் களைப்பு, மூச்சிரைப்பு, மறதி ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனம் தனி நோய்நிலையாகவே வரையறுத்திருக்கிறது. சற்று உழைத்தால் மறுநாள் உடல் முழுவதுமாகச் சாய்ந்துவிடுவது அதன் முக்கிய அடையாளங்களில் ஒன்று. ஆனால் இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, காசநோய், இதய நோய் ஆகியவற்றிலும் களைப்பு இருக்கும் என்பதால், முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போய் அவற்றைச் சோதித்துப் பாருங்கள். அவர் தன் வேலையைப் பிரித்துப் பிரித்து, களைப்பு வருமுன்பே ஓய்வெடுத்துச் செய்வதுதான் நல்லது. “கொஞ்சம் ஓடிப் பார், சரியாகிவிடும்” என்று வற்புறுத்துவது நிலையை மோசமாக்கும். அறையில் தண்ணீர்க் குடம் தூக்கும் முறையை அவருக்கு மாற்றி, உட்கார்ந்தபடி காய் நறுக்கும் வேலையைக் கொடுங்கள். நண்பர்கள் நம்பினாலே அவருடைய பாதிச் சுமை இறங்கும்.

கேள்வி: பள்ளிப் பருவம் முதல் என்னோடு இருந்த நண்பன் 2021 ஜூன் மாதம் கொரோனாவால் இறந்தான். எனக்கும் அப்போது தொற்று இருந்ததால் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதன் பிறகு குற்ற உணர்ச்சியால் அவன் வீட்டுப் பக்கமே போகவில்லை. இனிப் போனால் என்ன நினைப்பார்கள்?
– ஒரு வாசகர், அரூர்

பதில்: அன்று நீங்கள் போயிருந்தால் அந்தக் குடும்பத்தில் இன்னொருவருக்கும் தொற்று வந்திருக்கக்கூடும். போகாமல் இருந்ததுதான் அன்றைக்கு நீங்கள் செய்யக்கூடிய நன்மை. ஒப்பாரியும் துக்கம் விசாரிக்க வருவோர் கூட்டமும் இல்லாமல், சில உறவினர் மட்டும் தொலைவில் நிற்க முடிந்துபோன அந்தச் சாவுகள் எல்லாக் குடும்பங்களிலும் ஆறாமல் இருக்கின்றன. நீங்கள் பேசாமல் வைத்திருப்பதைப் பேசுவதற்கு அந்த வீட்டிலும் ஆளில்லாமல் இருக்கலாம்.

ஆகவே போங்கள். காலம் கடந்துவிட்டதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. “அப்போது வர முடியவில்லை அண்ணி, பிறகு வருவதற்குத் துணிவு வரவில்லை” என்று சொன்னால் போதும். அவனைப் பற்றி அவன் பிள்ளைகளுக்குத் தெரியாத ஒன்றையாவது சொல்லுங்கள். பள்ளி நாட்களில் அவன் எப்படி இருந்தான் என்பது உங்களிடம் மட்டுமே இருக்கிறது. அதோடு, கொரோனாவால் இறந்தவரின் குடும்பத்துக்கு அறிவிக்கப்பட்ட 50,000 ரூபாயும், பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளைகளின் குடும்பத்துக்குத் தமிழ்நாடு அரசு அறிவித்த 3 லட்சம் ரூபாயும் கிடைத்தனவா என்று விசாரியுங்கள். கிடைக்காமல் போயிருந்தால், ஆட்சியர் அலுவலகத்துக்கு அந்த அம்மாவைத் தனியே அனுப்பாமல் நீங்களும் உடன் போங்கள்.

கேள்வி: இன்னொரு முறை அப்படி ஒரு தொற்று வந்தால், தனியாக வாழும் எங்களைப் போன்ற நண்பர்கள் முன்கூட்டியே என்ன செய்து வைத்துக்கொள்ள வேண்டும்?
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: 2020 ஏப்ரல் இறுதியில் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் தமிழ்நாட்டிலேயே தொற்று இல்லாத பச்சை மண்டலமாக இருந்தது உங்கள் மாவட்டம் ஒன்றுதான். மே மாதத் தொடக்கத்திலேயே இங்கும் தொற்று வந்துவிட்டது. நமக்கு வராது என்ற நிம்மதியில் நாட்களைக் கழிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இப்போதே இருவர் இருவராகச் சேர்ந்துகொள்ளுங்கள். ஒருவர் உண்ணும் மாத்திரைகளின் பெயரும் அளவும், ஒவ்வாத மருந்தும், பார்க்கும் மருத்துவரின் எண்ணும், பிள்ளைகளின் எண்ணும் மற்றவரிடம் தாளில் எழுதி இருக்கட்டும். போனில் மட்டும் வைத்திருந்தால் அது அணைந்திருக்கும் நேரத்தில் பயன்படாது. வீட்டின் மாற்றுச் சாவி ஒன்றும் அவரிடம் இருக்கட்டும். நாள்பட்ட நோய் உள்ளவர்கள் ஒரு மாத மாத்திரையைக் கையிருப்பில் வைத்திருப்பது நல்லது. ஆக்சிமீட்டரும் வெப்பமானியும் நண்பர்களுக்குள் பொதுவாக ஒன்று இருந்தாலும் போதும். ஆனால் அதைப் பயன்படுத்த நலமாக இருக்கும்போதே பழகிக்கொள்ளுங்கள், உங்கள் வழக்கமான எண் எது என்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உடல்நல ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108. காலையில் குறித்த நேரத்தில் அழைப்பு வரவில்லை என்றால் எவ்வளவு நேரம் காத்திருப்பது, அதன் பிறகு அக்கம்பக்கத்தில் யாரைக் கதவைத் தட்டச் சொல்வது என்பதையும் முன்பே பேசி முடிவு செய்து, அந்த அண்டை வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள்.