சவரம் – கேள்வி பதில்: விலை குறைந்த இருபுற ரேசர் வாங்கலாமா?

கேள்வி: பல பிளேடுகள் அடுக்கிய கார்ட்ரிட்ஜ் ரேசரை விட்டுவிட்டு, இருபுறமும் கூர் உள்ள ஒற்றை பிளேடைப் பொருத்தும் ரேசருக்கு மாற விரும்புகிறேன். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் ரேசர்கள் மிகக் குறைந்த விலையிலும் அதைப் போலப் பல மடங்கு விலையிலும் விற்கப்படுகின்றன. விலை குறைந்ததை வாங்கினால் முகத்தைப் பதம் பார்த்துவிடுமா?

பதில்: விலை குறைவு என்பதாலேயே எந்த ரேசரும் முகத்தைக் கிழிப்பதில்லை. மயிரை அறுப்பது பிளேடு. அதை வளைத்து, இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரியும்படி, அசையாமல் பிடித்துக்கொள்வதுதான் ரேசரின் வேலை. இந்த வகை ரேசருக்காக கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு 1904இல் வழங்கப்பட்ட காப்புரிமை 1921இல் காலாவதியானதிலிருந்து இந்த அமைப்பை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்ற நிலை இருந்துவருகிறது; ஒரு நிறுவனத்தின் பிளேடு இன்னொரு நிறுவனத்தின் ரேசரில் தடையின்றிப் பொருந்துவது கார்ட்ரிட்ஜ் வகைக்கு வாய்க்காத வசதி. ஆகவே குறைந்த விலையில் நல்ல ரேசர் கிடைப்பதில் வியப்பில்லை. தயாரிப்பாளர் எந்த இடத்தில் சிக்கனம் பிடித்திருக்கிறார் என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

பார்க்க வேண்டிய இடம் தலைப்பகுதி. பிளேடு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமனே உள்ள மெல்லிய தகடு என்பதால், மேல்மூடியும் அடித்தகடும் அதைக் கூர்விளிம்புக்கு அருகிலேயே இறுக்கிப் பிடிக்காவிட்டால், அடர்ந்த மயிரில் படும்போது விளிம்பு அதிரும். சவரத்துக்குப் பின் தோன்றும் எரிச்சலுக்கு இந்த அதிர்வும் ஒரு காரணம். விற்பவர்கள் பெரிதாக எழுதுவதோ பிளேடின் விளிம்புக்கும் அதற்குக் கீழே தோலில் படும் பாதுகாப்புப் பட்டைக்கும் இடையே உள்ள இடைவெளியை. அது சிறிதாக இருந்தால் சாதுவான ரேசர், பெரிதாக இருந்தால் முரட்டு ரேசர் என்ற பொதுக்கணக்கு ஓரளவு சரிதான். ஆனால் மூடியின் ஓரத்தையும் பாதுகாப்புப் பட்டையையும் தொட்டுச் செல்லும் ஒரு கோட்டைக் கற்பனை செய்துகொண்டால், அந்தக் கோட்டைத் தாண்டிப் பிளேடு எவ்வளவு வெளியே நிற்கிறது என்பதைத்தான் தோல் முதலில் உணரும். இடைவெளி எண் ஒன்றாகவே இருந்தும் இரண்டு ரேசர்கள் முற்றிலும் வேறு விதமாக நடந்துகொள்வது இதனால்தான்.

புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு என் பரிந்துரை: மூடி, அடித்தகடு, கைப்பிடி என மூன்று துண்டுகளாகக் கழலும், பாதுகாப்புப் பட்டை உள்ள, சாதுவான ரேசர். இதில் அசையும் உறுப்பு எதுவும் இல்லாததால், மலிவாகச் செய்தாலும் கெடுப்பதற்கு அதிகம் இல்லை. இந்த வகையைச் சேர்ந்த எட்வின் ஜாகர் டிஇ89, மூலே ஆர்89 ஆகிய இரண்டு ரேசர்களும் ஒரே வடிவத் தலைப்பகுதியைக் கொண்டவை. அதைப் பின்பற்றிச் செய்யப்பட்ட விலை குறைந்த ரேசர்களும் உள்ளன. பட்டைக்குப் பதிலாகச் சீப்புப் பற்கள் போன்ற விளிம்பு கொண்ட வகை, சில நாள் வளர்ந்த தாடியை மழிப்பவருக்கே உகந்தது.

உலோகத்தைப் பொறுத்தவரை, இந்த விலையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை துத்தநாகக் கலவையை வார்த்து, மேலே குரோம் முலாம் பூசியவை. முலாம் உரிந்தால் அடியில் உள்ள கலவை அரிக்கத் தொடங்கும். மூடியின் அடியில் உள்ள திருகு, அளவுக்கு மீறி முறுக்கினால் மரை தேய்ந்தோ முறிந்தோ போகும். விரல் நுனியால் பிடிக்கும் அளவுக்கு இறுக்கி, சவரம் முடிந்ததும் ஈரத்தை உதறிக் காயவைத்தால் இத்தகைய ரேசர் பல ஆண்டுகள் உழைக்கும். பித்தளையும் துருப்பிடிக்காத எஃகும் இதைவிட உறுதியானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை கூடுதல் ஆயுளைத் தருமே தவிர, முதல் நாளிலேயே கூடுதல் வழவழப்பைத் தந்துவிடா.

ரேசர் கைக்கு வந்ததும் புதுப் பிளேடைப் பொருத்தி, வெளிச்சத்துக்கு எதிரே மூடிக்கு மேலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் பிளேடு அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தெரிந்தால், கைப்பிடியைச் சற்றுத் தளர்த்தி, தலைப்பகுதியைப் பிளேடின் குறுகிய முனைகளில் பிடித்து அழுத்தியபடியே மீண்டும் இறுக்குங்கள். அப்போதும் கோணல் நேராகாவிட்டால் வார்ப்பிலேயே குறை உள்ளது என்று பொருள். தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கைப்பிடியின் வேலைப்பாட்டில் மயங்க வேண்டாம். சோப்புக் கையில் வழுக்காத சொரசொரப்பு இருந்தால் அதுவே நிறைவு.

கேள்வி: கைப்பிடியின் அடியைத் திருகினால் மூடி இரண்டு கதவுகளாகத் திறக்கும் வகை, பிளேடு மாற்ற எளிதாகத் தெரிகிறதே?

பதில்: எளிதுதான், நன்கு செய்யப்பட்டிருந்தால். அதன் கீல்களில் சிறு தளர்வு இருந்தாலும் கதவுகள் இரண்டும் பிளேடைச் சமமாக அழுத்தா. மலிவான தயாரிப்புகளில் முதலில் கோட்டைவிடும் இடமும் அதுவே. கீல்களுக்குள் சோப்புப் படிவதால் கழுவுவதற்கும் சிரமம். விரல்களுக்கு வலுக் குறைந்தவர்கள், பிளேடைத் தொட அஞ்சுபவர்கள் ஆகியோர் தவிர மற்றவர்கள் இந்தப் பணத்தில் மூன்று துண்டு ரேசரையே வாங்கலாம். இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் ரேசரையும் மலிவு விலையில் தேடாதிருப்பது நல்லது.

கேள்வி: சாதுவானது என்று சொல்லப்படும் ரேசரைத்தான் வாங்கினேன். ஆயினும் கழுத்து எரிகிறது. வேறு ரேசர் வாங்க வேண்டுமா?

பதில்: இப்போது வேண்டாம். கார்ட்ரிட்ஜ் ரேசரை அழுத்தி இழுத்துப் பழகிய கை இதையும் அழுத்தும். இதற்கோ அதன் சொந்த எடையே போதும். கைப்பிடியை மெல்லத் தாழ்த்தி, பிளேடு தோலோடு ஏறத்தாழ 30 பாகைக் கோணத்தில் படும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கழுத்தில் மயிர் கன்னத்தைப் போல ஒரே திசையில் வளர்வதில்லை. விரலால் தடவி, வளரும் திசையை அறிந்து, அந்தத் திசையிலேயே ஒருமுறை மழித்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதன் பிறகும் எரிந்தால் பிளேடை மாற்றிப் பாருங்கள். ஒருவருக்கு மிருதுவாகப் படும் பிளேடு இன்னொருவர் தாடியில் சிக்கி இழுக்கும். ஃபெதர் நிறுவனத்தின் பிளேடு போன்ற மிகக் கூரியவை தொடக்கத்திலேயே எல்லாருக்கும் ஒத்துவருவதில்லை. ரேசரில் மிச்சம் பிடித்த பணத்தில் நான்கைந்து வகைப் பிளேடுகளைச் சிறு பொட்டலங்களாக வாங்கி, ரேசரையும் சோப்பையும் மாற்றாமல் பிளேடை மட்டும் மாற்றிப் பார்த்தால் எது பொருந்துகிறது என்பது தெளிவாகும். ஒரு பிளேடை நான்கைந்து சவரத்துக்கு மேல் நீட்டிக்க முயல வேண்டாம். மயிரை இழுக்கத் தொடங்கினால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: தாத்தா பயன்படுத்திய ரேசர் வீட்டில் கிடக்கிறது. புதிது வாங்காமல் அதையே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக. பித்தளையால் ஆனதாக இருந்தால் இன்றைய மலிவு ரேசரைவிட உறுதியாகவே இருக்கும். வெந்நீரில் கொதிக்கவைக்காமல், வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். கைப்பிடியில் விரிசல் இல்லை, அடித்தகடு வளையவில்லை, பிளேடு இருபுறமும் சமமாகத் தெரிகிறது என்றால் அதிலேயே தொடங்கலாம்.