சிட்னிக்கு எந்த வழி?

கேள்வி: மதுரையிலிருந்து சிட்னிக்கு 9,100 கி.மீ., விமானத்தில் பதினொரு மணி நேரம் என்று இணையத்தில் பார்த்தேன். அங்கே இருக்கும் என் மகனோ, டெல்லி போய் மாறி வர 22 மணி நேரம் ஆகும் என்கிறான். டிக்கெட் இன்னும் போடவில்லை. எனக்கு வயது 66, மூட்டுவலி வேறு. எது சரி? (ஒரு வாசகி, மேலூர்)

பதில்: இரண்டு கணக்கும் சரிதான் அம்மா. ஆனால் இரண்டையும் நம்பிக் கிளம்ப வேண்டாம்.

9,100 கி.மீ. என்பது உலக உருண்டையில் நூல் பிடித்து அளந்த தூரம். அந்த நூல் இலங்கையைக் கடந்து, இந்தியப் பெருங்கடல் வழியாக ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில் ஏறும். அந்தத் தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்தால் பதினொரு மணி நேரம் வருகிறது. ஆனால் மதுரையிலிருந்து சிட்னிக்கு நேராகப் பறக்கும் விமானமே கிடையாது. இல்லாத விமானத்துக்கு நேரம் போட்டு என்ன பயன்?

டெல்லி விஷயத்துக்கு வருவோம். நீங்கள் போக வேண்டியது தென்கிழக்கே. டெல்லியோ நேர் வடக்கே, சுமார் 2,080 கி.மீ. அங்கிருந்து சிட்னி 10,400 கி.மீ.க்கு மேல். மொத்தம் 12,500. சிங்கப்பூர் வழியாகப் போனால் 3,000-மும் 6,300-மும் சேர்த்து 9,300தான். மிச்சமாகும் 3,200 கி.மீ., மதுரையிலிருந்து சிங்கப்பூர் போகிற தூரத்தை விட அதிகம்! மூட்டுவலிக்காரரை இப்படித் தலையைச் சுற்றி மூக்கைத் தொட வைக்கலாமா?

மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அங்கிருந்து சிட்னிக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம். ஆக, பறப்பது பன்னிரண்டு மணி நேரம். மீதியெல்லாம் காத்திருப்பு. அதனால் மகனிடம் கிலோமீட்டரைக் கேட்காதீர்கள். நடுவில் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும் என்று கேளுங்கள். மூன்று, நாலு மணி நேரம் இருப்பது நல்லது. ஒரு மணி நேரம்தான் என்றால் வேண்டாம், உங்களால் ஓட முடியாது.

அப்புறம், இரண்டு பயணத்துக்கும் ஒரே டிக்கெட்டாக, பெட்டி நேரே சிட்னிக்குப் போகும்படி இருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தனித்தனி டிக்கெட் என்றால் சிங்கப்பூரில் வெளியே வந்து பெட்டியை எடுத்து, மறுபடியும் வரிசையில் நிற்க நேரலாம். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதியும் வேண்டும். விலை கொஞ்சம் கூடினாலும் ஒரே டிக்கெட்தான் என் பேச்சு. சக்கர நாற்காலியும் அப்போதே கேட்டுப் பதிந்துவிடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிட்னி நம்மை விட நாலரை மணி நேரம் முன்னால். அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை ஐந்தரை. புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் அப்படியே கழித்துப் பார்த்து மலைத்துப் போகாதீர்கள்.

மேலூரில் வீட்டை விட்டு இறங்குவதிலிருந்து கணக்கு வையுங்கள். பெருங்குடி விமான நிலையம் வர ஒரு மணி நேரம், அங்கே மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். டிக்கெட் இன்னும் போடவில்லை என்கிறீர்கள். சரி, இன்று ராத்திரியே மகனுக்குப் போன் போட்டு, சிங்கப்பூர் வழியைப் பார்க்கச் சொல்லுங்கள்.