ஐந்து மாதத்தில் மறுபடியும் பணமா?

ஒரு மென்பொருளை அது வெளிவந்த வாரமே முழு விலை கொடுத்து வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். ஐந்தே மாதத்தில் இரண்டாம் பதிப்பு வந்து, அதற்கு மேம்படுத்தத் தயாரிப்பாளர்கள் பாதி விலை கேட்கிறார்கள். புதியவருக்கும் அறிமுகச் சலுகையில் ஏறக்குறைய அதே தொகைதான். உங்கள் கோபம் நியாயமானது.

மேம்பாட்டுக்குப் பணம் கேட்பதே தவறு என்று சொல்ல மாட்டேன். நிரல் எழுதுபவரும் பிழைக்க வேண்டும். ஆனால் முதல் பதிப்பின் பிழைகளைப் பொறுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் எழுதித் தெரிவித்தவர் நீங்கள். நேற்று வந்தவருக்கும் உங்களுக்கும் விலையில் வேறுபாடே இல்லையென்றால் அது அநீதிதான்.

வாங்கிய தேதியையும் ரசீதையும் இணைத்து அவர்களுக்கு நேரடியாக எழுதுங்கள். புதிய பதிப்புக்குச் சற்று முன் வாங்கியவர்களுக்கு இலவசமாகத் தருவது இத்தொழிலில் பரவலான வழக்கம். ஐந்து மாதம் அதில் அடங்காமல் போகலாம். அப்படியானால் கூடுதல் தள்ளுபடியாவது கேளுங்கள். கேட்டால் பலன் உண்டு: 2015-இல், நிரலாளர்களுக்கான மென்பொருள்களைத் தயாரிக்கும் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் சந்தா முறையை அறிவித்தபோது பயனர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதன் பிறகே, ஓராண்டு தொடர்ந்து கட்டியவருக்கு ஒரு பதிப்பை நிரந்தரமாகப் பயன்படுத்தும் உரிமை கிடைத்தது.

பழைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவரை வரும் என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். இன்னும் ஓராண்டாவது வருமென்றால், அவசரப்பட்டு மேம்படுத்தாதீர்கள்.