இரண்டு பரப்பு, ஒரு மாடு: புல்லுக் கேள்விகள்

நாலு பரப்பு (கால் ஏக்கர்) செம்பாட்டுத் தறை சும்மா கிடக்கிறது. கோ-3 புல் போட்டால் எத்தனை மாடு கட்டலாம்? (யாழ்ப்பாணம், கோப்பாய்)

இரண்டு. 350 கிலோ மாடு ஒன்று நாளுக்கு 35 கிலோ பச்சைப்புல் தின்னும். வருசத்துக்குப் பன்னிரண்டரைத் தொன்னுக்கு மேல். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் தந்த இந்தப் புல் வருசத்துக்கு ஹெக்டேயருக்கு 350 தொன் தரும் என்பார்கள். அது தண்ணியும் எருவும் குறையாத தோட்டத்துக் கணக்கு. எங்கள் கிணறுகளை நம்பி, பரப்புக்கு ஆறரைத் தொன் என்றே நான் போடுவேன்.

முழுத் தறையையும் ஒரே நாளில் நடாதீர்கள். அப்படிச் செய்தால் ஒரு கிழமை புல் மலையாய்க் குவியும், அடுத்த மாதம் மாடு கத்தும். ஒன்பது துண்டாகப் பிரித்து, ஐந்து நாளுக்கு ஒரு துண்டு நடுங்கள். முதல் அறுவடைக்கு 75 நாள். பிறகு 45 நாளுக்கு ஒருக்கால். அரை மீற்றர் இடைவெளியில் பரப்புக்கு ஆயிரம் நடுகட்டை (தண்டுத் துண்டு) பிடிக்கும். வெள்ளம் நிற்கும் பள்ளத்தில் மட்டும் வேண்டாம்.

புல் அறுத்து விற்க நினைக்கிறேன். கட்டுக் கணக்கா, நிறுத்துக் கொடுப்பதா? (சாவகச்சேரி)

நிறுத்துத்தான். கட்டு என்பது கட்டுகிறவர் கைக்கு ஏற்ப மெலியும். ஒருவர் விடிய அறுத்து, ஓலை நாரால் இறுக்கி, மேலே ஒரு வாளி தண்ணியும் தெளித்துக் கொண்டுவந்தார். பார்க்கப் பச்சைப்பசேல். முற்றத்தில் அவிழ்த்துவிட, மத்தியானம் பாதியாய்ச் சுருண்டு கிடந்தது. பனி காய்ந்தபிறகு அறுத்துக் கொடுங்கள், வாங்குகிறவர் திரும்பி வருவார்.

நூறு கிலோ பச்சைப்புல்லில் எண்பது கிலோ வரை தண்ணிதான். அதை லாண்ட்மாஸ்டரில் (இருசில்லு உழவு மெசினில்) ஏற்றித் தூரத்துக்குக் கொண்டுபோனால் எண்ணெய்க்காசே லாபத்தைத் தின்றுவிடும். பக்கத்தில், ஒன்றிரண்டு மாடும் ஆடும் வைத்திருக்கிற வீடுகளைப் பிடியுங்கள்.

மாரியில் வரம்பெல்லாம் புல், யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள். விலை இருப்பது ஆடி, ஆவணி, புரட்டாதியில். ஆகவே உங்கள் கிணற்றுத் தண்ணியை அந்த மூன்று மாதத்துக்கென்று வைத்துக் கணக்குப் போடுங்கள். மழை தொடங்கும் ஐப்பசியில் நடுகட்டையை விற்கலாம். புல்லுக்கு ஆள் இல்லாத நேரத்தில் கட்டைக்கு ஆள் இருக்கும்.

கிணற்றுத் தண்ணி உவர். என்ன போடலாம்? (வேலணை)

இறுங்கு (தமிழ்நாட்டார் சோளம் என்பது) போட்டுப் பாருங்கள், மக்காச்சோளத்தைவிட உவரைத் தாங்கும். ஆனால் பூ வரமுன் அறுத்துப் போடாதீர்கள். இளம் பயிரிலும், வரட்சியில் வாடி மழைக்குத் துளிர்த்த பயிரிலும் மாட்டைச் சாகடிக்கிற நஞ்சு இருக்கும். மற்றப்படி பனையோலை கிழித்துப் போடுகிற பழக்கத்தை விடாதீர்கள்.

வேலியில் கிளிசறியா (சீமைக்கிளுவை) நிறைய நிற்கிறது, மாடு முகர்ந்துபோட்டு விலகுகிறது. (உரும்பிராய்)

மணம் பிடிக்கவில்லை. பின்னேரம் வெட்டி, இரவு வாடவிட்டு, காலையில் புல்லோடு கலந்து கொஞ்சமாகப் பழக்குங்கள். பழகியபிறகும் தீனியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வேண்டாம். வேலிக் கதியாலில் காசு செலவில்லாத புரதம் நிற்கிறது. அகத்தி என்றால் இன்னும் நல்லது, நடுத்தண்டை மட்டும் கட்டையாக வெட்டாதீர்கள், பட்டுப்போகும்.

புல்லைப் பீப்பாவில் போட்டு சைலேஜ் (ஊறுகாய்ப்புல்) செய்யலாமா? (நெல்லியடி)

செய்யலாம். அரைநாள் வாடவிட்டு, ஒரு அங்குலத் துண்டாய் நறுக்கி, நூறு கிலோவுக்கு இரண்டு மூன்று கிலோ கரும்புப்பாகு தெளித்து, காற்றில்லாமல் மிதித்து மூடுங்கள். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் புளிப்பு மணம் வரவேண்டும், நிறம் மஞ்சட்பச்சை.

என்னுடைய முதற் பீப்பா கறுத்து, சாணிக்குழி நாற்றம் அடித்தது. மிதித்தது சரி, மூடியின் றப்பர் வளையம் வெடித்திருந்ததை நான் பார்க்கவில்லை. மாடு கிட்டவே வரவில்லை, தென்னைக்குத் தாட்டேன்.